ஸ்டீபன் ஈலாப்பும் ஸ்ரீபெரும்புதூரும்

எங்க ஏரியாவில் கம்பெனி செத்துப் போனாலும் பஸ் ஸ்டாப்பாக உயிரோடு இருக்கும். அம்பத்தூர் டன்லப் பூட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஸ்டாப்புக்குப் பேர் இன்னும் டன்லப்தான். கொரட்டூர்ல இருந்து பாடிப் பக்கம் போனா லூகாஸ் ஸ்டாப். அந்தக் கம்பெனி நல்லபடியா ஓடிட்டு இருக்கு. ஒண்ணு நிலைக்குது, ஒண்ணு சாகுது. ஏன்? இந்தக் கேள்வி எஸ்டேட்ல வேலை பார்த்த எல்லாருக்கும் எப்பவாவது வந்திருக்கும்.

எனக்கு வந்தது ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில். பேர் வேண்டாம், அறுபது பேர் இருந்திருப்போம். புதுசா ஒரு ஜெனரல் மேனேஜர் வந்தார். நல்லா படிச்சவர், கெட்டவரும் இல்லை. வந்த மூணாவது வாரம் எல்லாரையும் கேன்டீன்ல கூட்டி வச்சு, "பத்து வருஷமா நீங்க அடிச்சது எல்லாம் ஸ்கிராப். இதே லட்சணத்தில் போனா இந்த ஷெட்டை மூட வேண்டியதுதான்"னு பேசினார். ரிஜெக்‌ஷன் அதிகம்ங்கறது உண்மை, மறுக்கவே முடியாது. ஆனா அன்னிக்கு டை செட் பண்ற பெரியவர் ஒருத்தர் டீயைக் குடிக்காம அப்படியே வச்சுட்டுப் போனார். அடுத்த மாசம் அவர் வேற கம்பெனியில் இருந்தார். அவரோட நாலு பேர். கஸ்டமருக்கும் செய்தி போயிடுச்சு. "ஷெட்டை மூடப் போறீங்களாமே?"னு கேட்டுட்டு ஆர்டரைப் பாதியாக்கிட்டாங்க.

சரி, சொந்தக் கதை போதும். இதே கதை உலக அளவில் நடந்து, அதோட வால் நம்ம பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ல வந்து அடிச்சது பத்திதான் எழுத வந்தேன்.

நோக்கியா 1865ல் ஃபின்லாந்தில் ஒரு காகித ஆலையாகத் தொடங்கிய கம்பெனி. ரப்பர் பூட்ஸ், கேபிள், டிவி என்று என்னென்னவோ செய்துவிட்டு, 1992ல் யோர்மா ஒல்லிலா தலைமைக்கு வந்த பிறகு மொபைலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 2003ல் வந்த 1100 மாடலை மறக்க முடியுமா? டார்ச் லைட் வச்ச ஃபோன். தூசி போகாத கீபேட். 25 கோடிக்கு மேல் விற்றது. கொரட்டூர் ஏரிக்கரையில் கரண்ட் போனா எல்லார் பாக்கெட்டிலிருந்தும் ஒரு வெளிச்சம் வருமே, அதேதான்.

2005ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வேகம் அப்போ எல்லாருக்கும் ஆச்சரியம். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள், அதிலும் பெண்கள் நிறைய. பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமா முடித்துவிட்டு கிராமத்திலிருந்து நேராக வந்தவர்கள். பக்கத்திலேயே ஃபாக்ஸ்கான், சால்காம்ப் என்று சப்ளை செய்யும் கம்பெனிகள் வேறு.

இனி எஸ்பூ நகரத்துக்குப் போவோம், நோக்கியாவின் தலைமையகம் அங்கேதான். 2007ல் ஐஃபோன், 2008ல் ஆண்ட்ராய்டு ஃபோன். நோக்கியாவின் சிம்பியன் மென்பொருள் கிழடு தட்டிவிட்டது. அப்போது தலைவராக இருந்தவர் ஒல்லி-பெக்கா கல்லாஸ்வூ. 2010 செப்டம்பரில் அவரை மாற்றிவிட்டு, மைக்ரோசாஃப்டில் ஆஃபீஸ் மென்பொருள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீபன் ஈலாப்பைக் கொண்டுவந்தார்கள். கனடாக்காரர். ஃபின்லாந்துக்காரர் அல்லாத முதல் தலைவர்.

ஈலாப்பை வில்லனாக்குவது ரொம்ப சுலபம். மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ட்ரோஜன் குதிரை என்று அப்பவே எழுதித் தள்ளினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வந்த புதிதில் ஊழியர்களுக்கு மெயில் போட்டு, எதை மாற்றணும், எதைத் தொடக் கூடாது, நான் எதைக் கவனிக்கவில்லை என்று கேட்டவர் அவர். நம்ம எஸ்டேட்ல எத்தனை எம்.டி. அப்படிக் கேட்டிருக்காங்க?

கேட்டார், பதிலும் வந்தது. 2011 பிப்ரவரி முதல் வாரத்தில் எல்லா ஊழியர்களுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். வட கடலில் ஒரு எண்ணெய்க் கிணற்று மேடை தீப்பிடித்து எரிகிறது. அதில் நிற்பவன் நெருப்பில் வேகணும், இல்லாட்டி பனி உறைந்த கடலில் குதிக்கணும். நாம் நிற்பதும் அப்படி ஒரு மேடைதான், பெட்ரோலை ஊற்றியதும் நாமேதான் என்கிற மாதிரி எழுதியிருந்தார். ஆப்பிள் எங்கேயோ போய்விட்டது, நம்மிடம் அதற்கு ஈடாக எதுவும் இல்லை, சீனாவின் ஷென்ஜென் கம்பெனிகள் நாம் ஒரு பிரசன்டேஷனை மெருகேற்றி முடிப்பதற்குள் ஃபோனே செய்துவிடுகின்றன என்றெல்லாம் வரிக்கு வரி குத்தல்.

அது உடனே பத்திரிகைகளுக்குக் கசிந்துவிட்டது. உலகமே படித்தது.

பிப்ரவரி 11 அன்று லண்டனில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரோடு மேடையேறி, இனி நோக்கியாவின் ஸ்மார்ட்ஃபோன் எல்லாம் விண்டோஸ் ஃபோன்தான் என்று அறிவித்தார். அன்றைக்குப் பங்கு சுமார் 14 சதவீதம் விழுந்தது. ஃபின்லாந்தின் டாம்பெரெ நகரில் நூற்றுக்கணக்கான நோக்கியா ஊழியர்கள் மத்தியானமே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கத்தல் இல்லை, கோஷம் இல்லை. ஃபின்லாந்துக்காரர்கள் கோபப்படும் முறை அது போலிருக்கிறது. எனக்கு அந்தக் குடிக்காத டீதான் ஞாபகம் வந்தது.

விஷயம் என்னன்னா, முதல் விண்டோஸ் ஃபோனான லூமியா கடைக்கு வந்தது 2011 நவம்பரில். இடையில் ஒன்பது மாசம். அதுவரை விற்க வேண்டியது சிம்பியன் ஃபோன்களை. இன்னும் 15 கோடி சிம்பியன் ஃபோன் விற்போம் என்றும் அவரே சொன்னார்! சாகப் போறது என்று முதலாளியே சொன்ன சரக்கை ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் எதைச் சொல்லி விற்பார்? 2010ல் சுமார் 10 கோடி ஸ்மார்ட்ஃபோன் விற்ற கம்பெனி, 2012ல் விற்றது 3.5 கோடி. எல்லாரும் ஸ்மார்ட்ஃபோன் வாங்க ஆரம்பித்த நேரத்தில் இப்படி. (இங்கிலாந்தில் ஜெரால்ட் ராட்னர் என்ற நகைக்கடைக்காரர் 1991ல் ஒரு கூட்டத்தில் தன் கடைச் சரக்கையே குப்பை என்று கிண்டல் பண்ணி கம்பெனியைக் கவிழ்த்தார். ராட்னராவது ஜோக்குக்குச் சொன்னார்.)

இதைவிட எனக்கு வலித்தது என்9 கதை. மீகோ என்ற புது மென்பொருளில் அவர்களே செய்த ஃபோன், 2011 ஜூனில் அறிமுகம். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இது எவ்வளவு நன்றாக விற்றாலும் மீகோவுக்குத் திரும்ப மாட்டோம் என்று ஈலாப் பேட்டி கொடுத்துவிட்டார். நல்லா செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒண்ணுதான் என்று தெரிந்த இடத்தில் எந்த இன்ஜினியர் ராத்திரி கண் விழிப்பான்? கம்பெனி கல்ச்சர் கல்ச்சர் என்கிறார்களே, அது சுவரில் மாட்டுகிற போர்டு இல்லை. யாரும் கேட்காமலே ஒருத்தன் கூடுதலா ஒரு மணி நேரம் உட்கார்றான் பாருங்க, அதுதான்.

ஆனா ஒண்ணு. அந்தக் கல்ச்சர் ஈலாப் வரும்போது முழுசா ஆரோக்கியமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். டிமோ வுவோரி, குய் ஹுய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நோக்கியாவில் இருந்தவர்கள் உட்பட 76 பேரிடம் பேசி எழுதிய ஆய்வு பின்னால் வந்தது. அதன்படி, 2010க்கு முன்பே மேலிடத்துக்குப் பயந்து நடுமட்ட மேனேஜர்கள் கெட்ட செய்தியை மறைத்தார்கள். சிம்பியன் தாமதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நம்ம ஊரில் மைக்ரோமேக்ஸ்காரர்கள் இரண்டு சிம் ஃபோனை விற்றுத் தள்ளியபோது நோக்கியா வேடிக்கை பார்த்ததும் பழைய ஆட்களின் வேலைதான். ஈலாப் செய்தது வேறு. பயத்தால் வாயடைத்துக் கிடந்த கம்பெனியில் உண்மையைப் போட்டு உடைத்தார். உடைத்த வேகத்தில் மிச்சமிருந்த பெருமையும் போச்சு. பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998ல் டெமிங் பரிசு வாங்கியதே, இந்தியாவுக்கே அதுதான் முதல். அந்த வழியிலும் குறையை மூடி மறைக்கக் கூடாது என்பதுதான் பாடம். ஆனால் அங்கே பிழையை மெஷின் பக்கத்தில் நின்று தேடுவார்கள். ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை.

அப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. 2012 ஜூனில் 10,000 பேரைக் குறைப்பதாக அறிவிப்பு, அதே வருஷம் ஃபின்லாந்தின் சாலோ தொழிற்சாலை மூடல், டிசம்பரில் தலைமையகக் கட்டடமே விற்பனை. 2013 செப்டம்பரில் ஃபோன் பிரிவு மொத்தமும் 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டிடம். ஈலாப்புக்குக் கிடைத்தது 1.88 கோடி யூரோ என்று முதலில் சொன்னார்கள், கடைசியில் 2.4 கோடியைத் தாண்டியது.

ஸ்ரீபெரும்புதூர் மூடியதற்கு ஈலாப் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வருமான வரித்துறை 2013ல் 2,000 கோடிக்கு மேல் கேட்டு சொத்தை முடக்கியது, தமிழக அரசு விற்பனை வரி 2,400 கோடி கேட்டது, 2014 மார்ச்சில் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடுக்கணும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றமும் தளர்த்தவில்லை. அதனால் 2014 ஏப்ரல் 25ல் விற்பனை முடிந்தபோது இந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குப் போகாமல் அநாதையாக நின்றது. ஆனால் விற்க வேண்டிய நிலைமையே வராமல் இருந்திருந்தால், வரித் தகராறோடு ஆலையும் ஓடியிருக்கும். எத்தனை கம்பெனி அப்படி ஓடுது!

ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்கள். இருபத்தஞ்சு வயசில் விருப்ப ஓய்வு! 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்டில் உட்கார்ந்து ஈலாப் இன்னொரு குறிப்பு எழுதினார். நண்பனுக்கு எழுதுகிற மாதிரி ஹலோ சொல்லி ஆரம்பித்து, ஃபோன்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டு, ரொம்பக் கீழே போய் 12,500 பேர் வேலை போகும் என்ற செய்தி. ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துகொண்டிருந்த ஆர்டரும் நின்றது. நவம்பர் 1 அன்று உற்பத்தி நிறுத்தம். டிசம்பரில் பக்கத்து ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது.

ஆலை ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்தது. நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த அதே சால்காம்ப் பிறகு அந்த இடத்தை வாங்கியது. ஆப்பிளுக்கும் சார்ஜர் செய்து கொடுக்கிற கம்பெனி அது.