மூணு நிமிஷம், 16 டாலர்: வீடியோ கால் சின்ன வியாபாரியைத் தேடி வந்த கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ஐம்பது தையல் மெஷின் வச்சிருக்கிற ஒரு சின்ன ஓனர், ஜெர்மனியில இருக்கிற கடைக்காரரோட முகம் பார்த்துப் பேசி ஆர்டர் பிடிக்கணும்னா என்ன செலவாகும்? இன்னைக்கு ஒரு டேட்டா பேக் போதும். ஆனா வீடியோ கால் விற்பனைக்கு வந்து அறுபது வருஷம் தாண்டிருச்சு. அது அவர் கைக்கு வர ஏன் இவ்வளவு நாள் ஆச்சு?

1964, நியூயார்க் உலகக் கண்காட்சி. ஏடி அண்ட் டி கம்பெனி அங்கே 'பிக்சர்போன்' கருவியைக் காட்டினாங்க. அதே வருஷம் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ மூணு ஊர்லயும் பொது பூத் திறந்தாங்க. முன்கூட்டியே நேரம் வாங்கிட்டுத்தான் போகணும். நியூயார்க்ல இருந்து வாஷிங்டனுக்கு முதல் 3 நிமிஷத்துக்கு 16 டாலர். அப்போ அமெரிக்காவுல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.25 டாலர். கணக்குப் போட்டா, மூணு நிமிஷம் முகம் பார்க்க கிட்டத்தட்ட 13 மணி நேர உழைப்பு!

1970-ல பிட்ஸ்பர்க் நகரத்துல ஆபீஸ் மேஜைக்கே கொண்டு வந்தாங்க. மாசம் 160 டாலர். ஆரம்பத்துல சேர்ந்தது எட்டே கம்பெனிதான். எதிர்முனையில இருக்கிறவர்கிட்டயும் அதே கருவி இருந்தாத்தானே பேச முடியும்? சில வருஷத்துலயே திட்டம் படுத்துருச்சு.

ஏன் இவ்வளவு விலை? ஒரு பிக்சர்போன் காலுக்கு, சாதாரண போன் காலை விட இருநூறு மடங்குக்கு மேல அலைவரிசை தேவைப்பட்டுச்சு. அதனால அடுத்த இருபது வருஷம் இன்ஜினியர்கள் மண்டையை உடைச்சுக்கிட்டது ஒரே விஷயத்துக்குத்தான்: எதையெல்லாம் அனுப்பாம விடலாம்?

அதுக்குக் கிடைச்ச பதில்தான் 1990 வாக்குல நிலைபெற்ற ஹெச்.261 என்கிற தரநிலை. அதுல ரெண்டு தந்திரம் முக்கியம். ஒண்ணு, முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பாதே. முந்தின படத்துல இருந்து மாறினதை மட்டும் அனுப்பு. உங்க பின்னாடி இருக்கிற சுவர் மாறவே போறதில்லையே! இன்னொண்ணு, நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்தை நல்லாப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாப் பிடிக்காது. அதனால நிறத் தகவலைக் கால்வாசியாக் குறைச்சுடு. இந்த ரெண்டாவது தந்திரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இதுக்கு அப்புறமும் வீடியோ மீட்டிங் பெரிய கம்பெனிகளோட ஏசி அறைக்குள்ளதான் இருந்துச்சு. தனி கேமரா, தனிப் பெட்டி, ஐஎஸ்டிஎன் லைன்னு செலவு அதிகம். சின்ன வியாபாரிக்கு டெலக்ஸ், ஃபேக்ஸ், அப்புறம் நடுவுல ஒரு ஆள். 1970களோட கடைசியில திருப்பூர் பனியன் ஏற்றுமதி சூடு பிடிச்சப்போ, இத்தாலிக்காரங்க மும்பை வியாபாரிகள் வழியாத்தான் ஊருக்குள்ள வந்தாங்க. வாங்குறவர் என்ன கேட்டார், எந்த விலைக்குச் சம்மதிச்சார்னு நடுவுல இருக்கிறவர் சொன்னாத்தான் ஓனருக்குத் தெரியும்.

இந்தப் பூட்டை உடைச்சது இன்டர்நெட். 1992-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல 'சியூ-சீமீ'ன்னு ஒரு இலவச மென்பொருள் எழுதினாங்க. கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் விட்டு விட்டு ஓடும். ஆனா தனி லைன் தேவையில்லை. 2003-ல ஸ்கைப் வந்துச்சு, 2006-ல அதுல வீடியோவும் சேர்ந்துச்சு. நாடு விட்டு நாடு பேசினாலும் கட்டணம் பூஜ்யம். 1964-ல 16 டாலருக்கு வித்த சரக்கு இது!

பெரிய சோதனை 2020-ல. சீனாவோட குவாங்சோ நகரத்துல 1957-ல இருந்து நடக்கிற கேன்டன் கண்காட்சி, உலகத்துலயே பெரிய வியாபாரச் சந்தைகள்ல ஒண்ணு. கொரோனா வந்ததும் அந்த ஜூன் மாசம் முதல்முறையா முழுக்க ஆன்லைன்ல நடத்தினாங்க. சுமார் 25,000 கம்பெனிகள், 10 நாள், 24 மணி நேரமும். பாத்திரமும் பொம்மையும் செய்றவங்க கேமரா முன்னாடி நின்னு, தூங்கி எழுந்த இன்னொரு கண்டத்துக்குச் சரக்கைக் காட்டினாங்க. விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம்.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சா? அந்த ரெண்டாவது தந்திரத்துக்கு வருவோம். மலிவாகணும்னு வீடியோ தியாகம் பண்ணினது நிற நுணுக்கத்தை. துணி வியாபாரத்துல தகராறு வர்றதே நிறத்துலதான். போதாக்குறைக்கு ஒவ்வொரு போன் கேமராவும் வெள்ளையை ஒவ்வொரு மாதிரி காட்டும். திரையில பார்த்த நீலத்தை நம்பிச் சாயம் போட்டு, அங்கே போய் 'ஷேடு சரியில்லை'ன்னு கன்டெய்னரைத் திருப்பிட்டா, சின்ன ஓனர் அந்த ஒரே ஆர்டர்ல காலி. துணியோட கனமும் தொட்டுப் பார்க்கிற மென்மையும் எந்தத் திரையிலும் வராது.

அதனாலதான் இன்னைக்கும் லேப் டிப், அதாவது சாயம் தோய்ச்ச சின்னத் துணித் துண்டு, கூரியர்லதான் போகுது. ரெண்டு பக்கமும் அதே துண்டைக் கையில வச்சுக்கிட்டு, ஒரே மாதிரி விளக்கு வெளிச்சத்துல பார்த்துத்தான் ஓகே சொல்றாங்க. வீடியோ கால் வர்றது அதுக்கு அப்புறம்: 'இந்தத் தையல் இங்கே இழுக்குதே, அரை இன்ச் கூட்டலாமா?'

என் பார்வையில வீடியோ கால் சின்ன வியாபாரிக்குக் கொடுத்தது சரக்கைக் காட்டுற வசதியை இல்லை. நடுவுல ஆள் இல்லாம 'இந்தத் தேதிக்கு முடியாது, பத்து நாள் சேர்த்துக் கொடுங்க'ன்னு அவரே வாயைத் திறந்து பேசுற வாய்ப்பை. பிக்சர்போன் காலத்துல அந்த வாய்ப்புக்கு மூணு நிமிஷத்துக்கு 16 டாலர் கேட்டாங்க. இப்போ கட்டணம் இல்லை. பேசத் தெரிஞ்சா போதும்.