காஞ்சியில் ஒரு நாள்: எதிரி எழுதி வெச்ச கல்வெட்டு

கொஞ்ச நாளா என் ஃபீடில் ஒரே ஜப்பான். அதுவும் வடக்கு ஜப்பான். ஹகோடாடேன்னு ஒரு துறைமுக ஊர். ஒருத்தர் காலையில் மார்க்கெட்டில் சூடான சோறு மேல மீனையும் நண்டையும் குவிச்சுச் சாப்பிடுறார். ட்ராம் ஏறிப் போறார். நட்சத்திர வடிவத்தில் இருக்கிற கோர்யோகாகு கோட்டையை டவர் மேலேருந்து படம் பிடிக்கிறார். ராத்திரி மலை மேல நின்னு ஊரோட விளக்குகளைக் காட்டுறார். வீடியோ முடிஞ்சுது.

அந்தக் கோட்டைக்கு அவர் ஒதுக்கினது 20 நொடி இருக்கும். நான் அப்புறம் தேடிப் படிச்சேன். 1869-ல் பழைய ஷோகன் தரப்புப் படை கடைசியா தோத்துச் சரணடைஞ்சது அங்கதான். சரணடைஞ்ச தலைவர் எனோமோட்டோவை ஜெயிச்சவங்க சிறையில் போட்டாங்க. அப்புறம் மன்னிச்சு வெளியே விட்டாங்க. பிற்பாடு அதே அரசாங்கத்தில் அவர் மந்திரியாவே ஆனார்! எனக்கு அந்த ஊர்லயே சுவாரசியமான விஷயம் இதுதான்னு பட்டுச்சு. போர் முடிஞ்ச மறுநாள் ஜெயிச்சவன் என்ன செஞ்சான்?

ஜப்பானுக்கு டிக்கெட் போடுற நிலைமையில் நான் இல்லை. ஆனா நம்ம வீடு குத்தம்பாக்கத்தில். பெங்களூரு ஹைவேயில் ஏறினா 50 கிலோமீட்டருக்குள் காஞ்சிபுரம். அதே கேள்விக்கு 1,280 வருஷத்துக்கு முந்தைய பதில் ஒண்ணு அங்க ஒரு தூண்ல வெட்டி வெச்சிருக்கு. சரி, நம்ம ஒரு நாள் வ்லாக் அங்கதான்னு முடிவாச்சு.

கூட வந்தது ஆபீஸ் நண்பன். ஹூப்ளிக்காரன், தாய்மொழி கன்னடம். மூணு வருஷமா சென்னையில் இருக்கான், தமிழ் நல்லாவே பேசுவான். அவனுக்கும் எனக்கும் ஒரு பழைய பஞ்சாயத்து இருக்கு. நம்ம ஆளுங்க முன்னாடி புலிகேசின்னு சொன்னா உடனே வடிவேலு மீசையோட வந்து நிப்பார், இல்லையா? அவன் ஊர்ல இரண்டாம் புலிகேசி நிஜமான ஹீரோ. ராஜ்குமாரே நடிச்சிருக்கார். "உங்களுக்கு எங்க ராஜா காமெடி பீஸ்"னு அவன் சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொல்வான், ஆனா முழுசா சிரிப்பும் இல்லை.

காலை ஆறு மணிக்கு பைக். திருமழிசை பக்கம் திரும்பாம நேரா ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். பொன்னேரிக்கரையில் இடது பக்கம் பிரிஞ்சா ஊர். எட்டு மணிக்கு வரதராஜப் பெருமாள் கோவில் பக்கத்தில் கோவில் இட்லி.

இந்த இட்லியைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். பெருமாளுக்குப் படைக்கிறதை நீளமான மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரிச்சு, மாவை ஊத்தி, மணிக்கணக்கா ஆவியில் வேக வைப்பாங்க. அதனால பேரே குடலை இட்லி. ஹோட்டல்ல கிடைக்கிறது டம்ளர்ல ஊத்தினது. ருசி கிட்டத்தட்ட வரும், இலை வாசனை வராது. கவனிங்க, இதில் மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கப்பல் வழியா வந்தது, 1500-க்கு அப்புறம். மிளகு மாதிரி காரமா இருக்கிற காய்ங்கிறதாலதான் அதுக்கு மிளகாய்னு பேரே. கோவில் மடப்பள்ளி பழைய காரத்தையே வெச்சுக்கிச்சு.

நான் பெருமையா இதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது நண்பன் போனை நீட்டினான். இட்லிங்கிற பேரு எழுத்தில் முதல்ல வர்ற இடங்கள்ல ஒண்ணு, கி.பி. 920 வாக்கில் எழுதின வட்டாராதனைங்கிற கன்னட நூல். அதில் 'இட்டலிகெ'. அதுல உளுந்து மட்டும்தான், அரிசி பத்திப் பேச்சில்லைன்னு சொல்லிச் சமாளிச்சேன். முதல் ரவுண்டு அவனுக்கு.

சரி, கதைக்கு வருவோம். நம்மில் பாதிப் பேருக்கு இது கல்கியோட சிவகாமியின் சபதம் வழியாத்தான் தெரியும். நாவலை ஒதுக்கி வெச்சிட்டு கல்வெட்டும் செப்பேடும் சொல்றதை மட்டும் பார்ப்போம்.

பாதாமி, அதாவது வாதாபி, சாளுக்கியர் தலைநகரம். காஞ்சி பல்லவர் தலைநகரம். கி.பி. 634-ல் ஐஹோளேயில் ரவிகீர்த்திங்கிற புலவர் எழுதின கல்வெட்டு, புலிகேசி படை கிளப்பின தூசியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள்ள ஒளிஞ்சான்னு சொல்லுது. பல்லவர் தரப்புச் செப்பேட்டைக் கேட்டா, மகேந்திரவர்மன் புள்ளலூர்ல எதிரிகளை அழிச்சான்னு இருக்கு. ரெண்டு கம்பெனியோட பிரஸ் ரிலீஸ் மாதிரி. புள்ளலூர் காஞ்சிக்கு வடக்கே இருக்கு. 1780-ல் திப்பு சுல்தானும் ஹைதர் அலியும் கர்னல் பெய்லியோட ஆங்கிலேயப் படையை ராக்கெட் விட்டு நொறுக்கினதும் அதே புள்ளலூர்லதான். தலைநகரத்துக்குப் போற வழியில் ஊர் அமைஞ்சா அதுக்குன்னு ஒரு தலையெழுத்து போல.

அடுத்து மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன். மூணு இடத்தில் புலிகேசியைத் தோற்கடிச்சதா கூரம் செப்பேடு சொல்லுது. அதில் ஒண்ணு மணிமங்கலம். ஆமா, நம்ம படப்பை பக்கம் இருக்கிற மணிமங்கலம்தான். தாம்பரம் போறப்ப போர்டு பார்த்திருப்பீங்க. அங்கிருந்து பல்லவப் படை வாதாபி வரைக்கும் போச்சு. 642-ல் நகரம் விழுந்தது. நரசிம்மவர்மன் 'வாதாபி கொண்டான்' ஆனான். பாதாமியிலேயே ஒரு பாறையில் அவன் பேர்ல கல்வெட்டு இருக்கு, சிதைஞ்ச நிலையில்.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் கதை இங்க நின்னுடும். என் மண்டையிலும் அப்படித்தான் பதிஞ்சிருந்தது. நாம ஜெயிச்சோம், ஃபுல் ஸ்டாப். ஆனா அவங்க திரும்பி வந்தாங்க. புலிகேசி மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 670-களில் வந்து காஞ்சியைப் பிடிச்சான், அப்புறம் பல்லவர்கிட்ட அடி வாங்கித் திரும்பினான். நடுவில் ஒரு தலைமுறை அமைதி. அந்த அமைதியில்தான் இரண்டாம் நரசிம்மவர்மன், பட்டப்பெயர் ராஜசிம்மன், கைலாசநாதர் கோவிலைக் கட்டினான்.

பத்து மணி வெயிலில் உள்ளே போனோம். இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு ஒரு தடவையாவது போய்ப் பாருங்க. மணற்கல் கோவில். சுத்துப் பிராகாரம் முழுக்க 58 குட்டிச் சன்னிதிகள், ஒவ்வொண்ணிலும் சிற்பம். சில இடத்தில் பழைய ஓவியத்தோட சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தச் சன்னிதிச் சுவர்களில் ராஜசிம்மன் தன்னோட பட்டப்பெயர்களை வெட்டி வெச்சிருக்கான், 200-க்கும் மேல. உலகத்தின் மிக நீளமான லிங்க்ட்இன் பயோ. கருவறையைச் சுத்தி ஒரு குறுகலான வழி இருக்கு, தவழ்ந்து உள்ளே போய்த் தவழ்ந்து வெளியே வரணும். மறுபிறவி எடுத்த மாதிரின்னு சொல்வாங்க. எனக்கு முழங்கால் போச்சு.

நாங்க தேடினது அதுக்கு முன்னாடி இருக்கிற மண்டபத்தில் ஒரு தூண். அங்க பழைய கன்னடத்தில் ஒரு கல்வெட்டு.

எழுதினது யாரு? இரண்டாம் விக்கிரமாதித்தன். புலிகேசியோட வம்சம். 733-ல் பட்டத்துக்கு வந்தவன். இளவரசனா இருக்கும்போது ஒரு தடவை காஞ்சி மேல படையெடுத்தான். ராஜாவா ஆன பிறகு ரெண்டாவது தடவை வந்து ஊரைப் பிடிச்சே விட்டான். அவன் பையன் கீர்த்திவர்மன் இளவரசனா மூணாவது தடவை வந்தான். ஆக, வாதாபி விழுந்து நூறு வருஷம் கழிச்சு அந்த வம்சத்து ராஜா பல்லவனோட தலைநகரத்தில் நிக்கிறான். கையில் படை, எதிரில் பல்லவனோட கர்வமே கல்லா நிக்கிற கோவில். உள்ளே தங்கம். தாத்தனோட தாத்தனுக்கு என்ன நடந்ததுன்னு அவனுக்குத் தெரியாம இருக்குமா?

கல்வெட்டு சொல்றது இவ்வளவுதான்: விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சான், ராஜசிம்மேஸ்வரத்தோட செல்வத்தைப் பார்த்தான், எடுத்துக்காம கோவிலுக்கே திரும்பக் கொடுத்தான். கடைசியில் ஒரு சாபம். இந்த எழுத்தை அழிக்கிறவங்க, இந்த ஊர்க் கடிகைப் பெரியவங்களைக் கொன்னவங்க போற உலகத்துக்குப் போவாங்களாம். கடிகைன்னா அந்தக் காலத்து உயர்கல்விக் கூடம். கன்னட நாட்டின் முதல் அரச வம்சமான கதம்பரை உருவாக்கின மயூரசர்மன் படிக்க வந்ததே காஞ்சிக் கடிகைக்குத்தான். இங்க ஒரு பல்லவக் குதிரை வீரனோட தகராறாகி, கோபத்தில் போய்த் தனி ராஜ்யம் ஆரம்பிச்சதா தாளகுந்தா கல்வெட்டு சொல்லுது. காலேஜ் சண்டையில் ஸ்டார்ட்அப் ஆரம்பிச்ச முதல் ஆள். விஷயம் என்னன்னா, பிடிச்ச ஊர்ல பெரிய பாவம்னு எதைச் சொல்லலாம்னு யோசிச்சப்ப அந்தச் சாளுக்கியனுக்குத் தோணினது அந்த ஊர் வாத்தியார்களைக் கொல்றது.

இங்க ஒரு பிரேக். இது ஜெயிச்சவன் தன்னைப் பத்தித் தானே எழுதினது. "ஊரை அழிக்காம நுழைஞ்சார், கோவிலுக்குத் தங்கத்தைத் திரும்பக் கொடுத்தார்"னு இதையே மறுபடி சொல்ற கேந்தூர் செப்பேடு அவன் பையன் வெளியிட்டது. திரும்பக் கொடுத்தான்னா, முதல்ல அது அவன் கைக்குப் போயிருக்கு. மூணு படையெடுப்பில் வழியில் இருந்த கிராமங்களில் என்ன நடந்ததுன்னு எந்தத் தூணும் சொல்லல. நல்லவன் பட்டம் கொடுக்க நான் தயாரா இல்லை.

ஆனா ரெண்டு சாட்சி இருக்கு, ரெண்டும் கல்லு. ஒண்ணு, கோவில் நிக்குது. ரெண்டாவது, பட்டடக்கல். பாதாமி பக்கத்தில் விக்கிரமாதித்தனோட ராணி லோகமகாதேவி, தன் புருஷன் காஞ்சியை மூணு தடவை ஜெயிச்சதுக்கு நினைவா ஒரு கோவில் கட்டினாள். இன்னைக்கு விருபாட்சர் கோவில், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கு. அதைப் பார்த்தா கைலாசநாதர் கோவிலோட சாயல் அப்படியே தெரியும். அங்க இருக்கிற கல்வெட்டு ஒரு சிற்பியைத் தென்திசையின் சூத்திரதாரின்னு பாராட்டுது. நம்ம பாஷையில் சொன்னா, எதிரியோட ரெப்போவை டெலீட் பண்ணல, ஃபோர்க் பண்ணிட்டான். அந்த விருபாட்சர் சாயல் அடுத்து எல்லோராவில் ஒரே பாறையைக் குடைஞ்ச கைலாசக் கோவில் வரைக்கும் போகுது.

நண்பனை அந்தத் தூண் முன்னாடி நிக்க வெச்சு "படிடா"ன்னேன். ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தான். ஒரு எழுத்து கூட வரல. எட்டாம் நூற்றாண்டுக் கன்னட எழுத்து இன்னைக்குக் கன்னடம் படிக்கிறவனுக்கும் புரியாது, சுத்தி இருக்கிற பல்லவர் கிரந்தம் எனக்குப் புரியாத மாதிரியே. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. "மச்சி, இதுல எது உங்களது, எது எங்களது?"ன்னு கேட்டான். அவன் கிண்டலாத்தான் கேட்டான். நான் பதில் சொல்லல.

மதியம் நடை சாத்தின பிறகு ஒரு வாழை இலைச் சாப்பாடு, அப்புறம் அம்மா சொல்லி அனுப்பின புடவைக்கடை வேலை. கடையைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை, பில்லைப் பத்திச் சொல்ல மனசு இல்லை.

சாயங்காலம் வைகுண்டப் பெருமாள் கோவில். டூரிஸ்ட் கூட்டம் அதிகம் வராத இடம். திருச்சுற்று மண்டபச் சுவர் முழுக்க பல்லவர் வரலாறு, கல்லில் செதுக்கின காமிக்ஸ் மாதிரி, கீழ அங்கங்க எழுத்தோட. அதில் ஒரு கட்டம்: காஞ்சியில் ராஜா இறந்துட்டார், வாரிசு இல்லை. ஊர்ப் பெரியவங்களும் கடிகையாரும் வேற கிளையில் இருக்கிற இரணியவர்மன்கிட்ட போய் ஒரு பையனைக் கேக்கிறாங்க. மூத்த பையன்கள் மாட்டேன்னுடுறாங்க. கடைசிப் பையன் நான் போறேன்னு வர்றான். வயசு 12. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன்.

விக்கிரமாதித்தன்கிட்ட காஞ்சியை விட்டுட்டு ஓடினதும் இதே நந்திவர்மன்தான். சாளுக்கியன் ஊரை வெச்சுக்காம திரும்பிப் போனான், இவன் திரும்பி வந்தான், 65 வருஷம் வரைக்கும் ஆண்டான். இந்தச் சுவரைச் செதுக்க வெச்சதும் இவன் காலத்தில்தான். எனக்கு இதில் ஒரு விஷயம்தான் உறைச்சுது. கைலாசநாதர் கோவில் அவன் ஆட்சியில்தான் இருந்தது. தான் ஓடின கதையை எதிரி மொழியில் சொல்ற தூண் அது. ஒரு உளி, அரை நாள் வேலை. அவன் செய்யல. அவனுக்குப் பின்னாடி வந்த சோழர், விஜயநகரம், யாரும் செய்யல.

திரும்பி வரும்போது இருட்டிடுச்சு. ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்னோம். பக்கத்தில் ஹூப்ளி போற ஸ்லீப்பர் பஸ் ஒண்ணு. நண்பன் அதைப் படம் எடுத்து வீட்டு குரூப்பில் போட்டான்.

அவன் ஊர்ப் பக்கம் நான் டிசம்பரில் போறேன். பாதாமியில் நரசிம்மவர்மன் பாறையைக் கண்டுபிடிச்சா அடுத்த பாகம் அங்கேருந்து. நீங்க கைலாசநாதர் போனா பன்னிரண்டு மணிக்கு முன்னாடி போயிடுங்க, மண்டபத்துத் தூண்களைச் சுத்திச் சுத்திப் பாருங்க. கோவிலைப் பார்த்துக்கிறவர்கிட்ட கேட்டா காட்டுவார்.