மனைக்கு முன் மண்ணாய்வு

2013ஆம் ஆண்டின் இறுதியில் கெடா மாநிலத்திலிருந்து வந்த ஒரு செய்தி தமிழறிந்தோர் பலரையும் திடுக்கிடச் செய்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துப் பகுதியிலிருந்த பதினோராம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைத் திருத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டிருந்தது. சண்டி என்பது பழங்கோயிலின் இடிபாட்டுக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயராகும்.

அஃது எவரும் அறியாத இடமன்று. 1930களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் தம் துணைவியாருடன் இப்பள்ளத்தாக்கை அகழ்ந்து, முப்பது இடங்களுக்கு எண்ணிட்டு, 1940இல் அறிக்கை வெளியிட்டார். பதினொன்று என்னும் எண்ணும் அப்பட்டியலினின்று வந்ததே. ஆயினும் நிலம் தனியாருடையது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் அவ்விடம் அரசிதழில் அறிவிக்கப்படவும் இல்லை. நூலிலிருந்த செய்தி, இயந்திரம் இறங்குமுன் நிலத்தை வந்தடையவில்லை.

இங்குள்ள சண்டிகளின் இயல்பையும் கருதுதல் வேண்டும். செங்கல்லாலும் செம்பாறைக் கல்லாலும் அமைந்த அடித்தளமே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. மரத்தூண்களும் கூரையும் மட்கிப் போயின. 1959–60இல் சீரமைக்கப்பட்ட புக்கிட் பத்து பகாட் சண்டியில், தூண்களைத் தாங்கிய கல்லடிகளை இன்றும் காணலாம். பழகாத கண்ணுக்கு இத்தகைய இடம் புதர் மண்டிய கற்குவியலாகவே தோன்றும். ஆகவே, இயந்திரத்தை ஓட்டுபவர் பார்த்து அறிந்துகொள்வார் என்று விட்டுவிடுதல் பொருந்தாது.

கம்பங்களின் நிலை இன்னும் நுண்ணியது. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் மண்ணினின்று கிடைத்தன. சுங்கை மாஸ் கம்பத்திலும் அவ்வாறே மணிகளும் ஓடுகளும் வெளிப்பட்டன. மக்கள் வாழும் வீடுகளின் முற்றத்திற்குக் கீழேயே பழைய துறைமுக வாழ்வின் சுவடுகள் உள்ளன. ஒரு கழிவுநீர்க் கால்வாய் வெட்டினாலும் அவை கலைந்துவிடும்.

இதற்குரிய வழி, கட்டடப் பணிக்கு முன் நிலத்தின் தொல்பொருள் வளத்தை மதிப்பிடுவதாகும். முதற்கண் பழைய அறிக்கைகளையும் நிலவரைபடங்களையும் ஒப்பிட வேண்டும். வானிலிருந்து எடுத்த படங்கள் ஆறு முன்னர் ஓடிய தடத்தைக் காட்டும். அடுத்து, நிலத்தில் வரிசையாக நடந்து, மேட்டையும் ஓட்டையும் குறிக்க வேண்டும். கிணறு வெட்டியபோது என்ன கிடைத்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். பின்னர், நிலத்தடி அளவைக் கருவிகளைக் கொண்டு பார்த்து, ஐயமுள்ள இடங்களில் சிறு சோதனைக் குழிகள் தோண்ட வேண்டும். சுங்கை பத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்மேடுகளாகக் கிடந்தவற்றை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்தபோது, செங்கற் கட்டுமானங்களும் இரும்பு உருக்கிய எச்சங்களும் வெளிப்பட்டன.

மதிப்பீடு செய்தால் வீடே கட்ட முடியாது என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஒன்றும் இல்லையெனின் பணி தொடரும்; சிறிதளவு இருப்பின் அதனை முன்னரே அகழ்ந்து பதிவு செய்யலாம்; சிறப்புடைய சின்னம் இருப்பின் தெருவையோ மனையையோ சற்றே நகர்த்தலாம். வரைபடம் தாளில் இருக்கும்வரை மாற்றம் எளிது. அடித்தளம் போட்டபின் அதுவே பெருஞ்செலவாகும்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தைக் கடாரம் என்று உரைகாரர் கொண்டனர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றதை அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. கடாரத்தைக் கெடாவென அறிஞர் பலர் கொள்வர். இலக்கியமும் கல்வெட்டும் பெயரைத் தரும்; அவ்வூரில் மக்கள் எதை உருக்கினர், எதை விற்றனர், யாரை வணங்கினர் என்பதை மண்ணே கூறும். இந்து, பௌத்தச் சின்னங்கள் இரண்டும் கிடைக்கும் அம்மண், ஓரினத்தார் மட்டும் உரிமை கொண்டாடும் பொருளன்று. இந்நாட்டார் அனைவரின் வரலாறுமாகும்.

இடிந்த கோயிலை அளவு பார்த்து மீண்டும் எழுப்பலாம். கலைந்த மண்ணடுக்கை எவராலும் மீண்டும் அடுக்க இயலாது. கம்பத்து மாணவன் ஒருவன் உடைந்த ஓட்டைக் கொண்டுவந்து காட்டினால், ஆசிரியர் அது கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தார்க்குத் தெரிவிக்கட்டும். ஒரு நிலத்தின் மதிப்பீடு அங்கேயே தொடங்கிவிடக்கூடும்.