வெண்ணிப் போரும் புலவர் நினைவும்

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியிற் கோயில்வெண்ணி என்றோர் ஊர் உளது. சங்க காலத்து வெண்ணி இதுவே என்பர். கரிகாற் சோழன் இளமையிலே சேரனையும் பாண்டியனையும் பொருது வென்ற களம் அஃது. அப்போரைக் கூறும் அக்காலக் கல்வெட்டு ஒன்றும் நமக்குக் கிடைத்திலது. பாட்டு இல்லையேல் வெண்ணி இல்லை. நம் பாடநூல்களோ வெற்றியை ஒரு வரியிற் சொல்லி அப்பாற் சென்றுவிடுகின்றன.

பொருநராற்றுப்படை, முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்ற யாளிக் குருளையோடு சோழனை ஒப்பிட்டு, பகைவேந்தர் இருவரும் ஒரே களத்தில் அவிந்தனர் என்கிறது. ஆயின் புறநானூறு கூறுவது வேறு. சேரமான் பெருஞ்சேரலாதன் களத்தில் இறந்திலன். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி, வாளோடு வடக்கிருந்தான். 65 ஆம் பாட்டிலே கழாத்தலையார், முழவும் யாழும் தத்தம் தொழிலை மறந்த அவன் நாட்டின் துயரைப் பாடுகின்றார். முன்புறத்தைக் குறித்து எறிந்த படையே புறப்புண் ஆயிற்று என்பதனையும் அவர் குறிக்கத் தவறவில்லை. அவிதல் என்பதற்கு அடங்குதல் என்றும் பொருள் உண்டாதலின் இரண்டையும் இயைத்துக் கொள்ளலாம் எனினும், வடக்கிருத்தலைப் பற்றிய செய்தியிற் புறப்பாட்டுகளையே யான் பெரிதும் நம்புவேன். வென்றவனைப் பாடிப் பரிசில் பெறுவார்க்கு வழிகாட்டும் நூலிலே தோற்றவனின் இறுதி நாட்களுக்கு இடம் ஏது?

வியப்பு யாதெனில், அந்நினைவு அகப்பாட்டினுள்ளும் புகுந்தமையாம். மகள் உடன்போக்கிற் சென்றுவிட, தான் இன்னும் உயிரோடிருக்கின்றமைக்கு வருந்துகின்றாள் ஒரு தாய். சேரலாதன் வடக்கிருந்த செய்தி கேட்டு, அவனோடு செல்ல உயிர்விட்ட சான்றோரைப் போலத் தன்னால் இயலவில்லையே என்பது அவள் ஏக்கம். அகநானூற்றில் மாமூலனார் பாடிய 55 ஆம் பாட்டு இது. அந்நூலின் 246 ஆம் பாட்டிலே பரணர், ஊரார் தூற்றும் அலரின் பெருமைக்கு, வெண்ணிவாயிலில் வேந்தரும் பதினொரு வேளிரும் தோற்ற நாளில் அழுந்தூரில் எழுந்த ஆர்ப்பை உவமை காட்டுகின்றார். இதுவும் அப்போரே என்பாரும், வேறு என்பாரும் உளர். எதுவாயினும், கேட்போர் கதையை முன்னரே அறிந்திருந்தாலன்றி இவ்வுவமைகள் பயன்படா. மக்கள் வாயில் அப்போர் எவ்வளவு வழங்கியது என்பதற்கு இவையே சான்று.

எல்லாவற்றினும் அரியது புறநானூற்று 66 ஆம் பாட்டு. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். போர் நடந்த ஊரைச் சேர்ந்தவர். மட்பாண்டம் வனையும் குடியினர் என்பது பெயராற் பெறப்படும். அவர் கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, காற்றை ஏவல்கொண்டு கடலிற் கலம் செலுத்திய முன்னோனின் வழித்தோன்றல் எனப் புகழ்கின்றார். அவன் வெற்றியையும் ஒப்புக்கொள்கின்றார். பின்னர், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் நின்னினும் நல்லன் அல்லனோ என்று வினவுகின்றார். வென்ற வேந்தன் முகத்துக்கு எதிரே ஒரு குயத்தி விடுத்த வினா இது. அதற்கு அவன் யாது விடை கூறினான் என்பது பாட்டில் இல்லை.