கூடுதல் வாரண்டியும் காப்பீட்டுச் சட்டமும்

தயாரிப்பாளர் தரும் வாரண்டி முடிந்த பின்னும் பொருளைப் பழுதுபார்த்துத் தருவதாகத் தனிக் கட்டணம் பெற்றுச் செய்யப்படும் ஒப்பந்தமே கூடுதல் வாரண்டி. பிரிஜ், டிவி விற்கும் கடைகளில் பில் போடும்போதே இதுவும் சேர்த்து விற்கப்படுகிறது. வரலாம், வராமலும் போகலாம் என்ற செலவுக்காக முன்பணம் கட்டுவதால், தோற்றத்தில் இது காப்பீடே. சட்டமும் அப்படிக் கருதுகிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது.

அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டின் மெக்காரன்-பெர்குசன் சட்டம் காப்பீட்டு ஒழுங்குமுறையை மாநிலங்களிடம் விட்டது. பல மாநிலங்கள் சேவை ஒப்பந்தங்களைக் காப்பீட்டிலிருந்து விலக்கி, பதிவு, நிதிப் பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு நிறுத்திக்கொண்டன. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமோ, செயற்கைக்கோள் டிவி கருவிகளுக்கான வாரண்டித் திட்டம் ஒன்றில், ரொக்கம் தராமல் பழுது நீக்கித் தந்தாலும் அது காப்பீடுதான் என்று 2013இல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் காப்பீடு ஒன்றியப் பட்டியலின் 47ஆம் பதிவு. ஆகவே கேரளத்துக்கெனத் தனிக் காப்பீட்டுச் சட்டம் கிடையாது. அம்மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேட்டுக்கும் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டமே பொருந்தும். பதிவு பெறாதவர் காப்பீட்டுத் தொழில் நடத்தக் கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. சேவை ஒப்பந்தம் அத்தொழிலில் சேருமா என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இந்த மௌனம் விற்பவருக்கே வசதி: காப்பீட்டு நிறுவனம் காட்ட வேண்டிய நிதி வலுவை வாரண்டி விற்கும் கடை காட்ட வேண்டியதில்லை.

நடைமுறையில் பொருளின் உட்குறையால் வரும் பழுது வாரண்டியின் பக்கம். வெளியிலிருந்து வரும் சேதம் காப்பீட்டின் பக்கம். ஐப்பசி மழையோடு இடி இறங்கும் இடுக்கி மலைகளில் இந்தக் கோடு முக்கியமானது. மின்னலாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் கெட்ட மின்சுற்றுப் பலகையை வாரண்டித் தாள்கள் பெரும்பாலும் விலக்கிவிடுகின்றன. அத்தகைய சேதத்துக்கு வீட்டுப்பொருள் காப்பீடுதான் நாட வேண்டிய வழி.

முறையீட்டு வழியும் கையிலிருப்பது காப்பீடா வாரண்டியா என்பதைப் பொறுத்தே பிரிகிறது. பாலிசி தந்தது காப்பீட்டு நிறுவனமானால் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வாரண்டி விற்ற கடைமீது அங்கே முறையிட முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இரண்டையும் சேவையாகவே பார்க்கிறது. வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர அது இடமளிக்கிறது. எனவே தமிழ்நாட்டிலுள்ள கம்பத்துக் கடையில் வாங்கிய பொருளுக்கும் பீர்மேட்டுக்காரர் இடுக்கி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.