ஹெரால்டின் பின் சக்கரங்கள்

காரைக்கால் வட்டாரச் சாலைகளில் ஒரு காரின் குணம் முழுவதும் வெளிப்படுவதில்லை. மலை இல்லை, நீண்ட இறக்கமும் இல்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கே மிகச் சாதுவான வண்டி. அதையே இருமடங்கு வேகத்தில் ஓட்டி, வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வேறு முகத்தைக் காட்டும். அதற்குக் காரணம் என்ன, அதை எப்படிச் சீர்செய்தார்கள் என்று பார்ப்போம்.

ஹெரால்டு 1959இல் பிரிட்டனில் டிரையம்ப் என்னும் பெயரில் வெளிவந்தது. அதன் அழகிய உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 948 சி.சி. என்ஜினுடன் அதைத் தயாரித்தது. அக்காலத்து அம்பாஸிடரிலும் ஃபியட்டிலும் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு பிணைத்திருந்தது. ஹெரால்டில் அப்படியில்லை. நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு இறுகியிருக்க, இருபுறமும் இரண்டு அரை அச்சுகள் கீலில் ஆடும் கதவுபோல மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது அதை உணராது. இந்த ஊசல் அச்சுக்கு எட்மண்ட் ரும்ப்ளர் 1903இலேயே காப்புரிமை பெற்றார். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் நெடுங்காலம் இதுவே இருந்தது.

சுகமான பயணம்தான். ஆனால் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி மேலெழும்பினால் அரை அச்சுகள் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். வெளிப்புறச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்குவதுபோல் ஒடுங்கும். டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், பிடி தளரும், வண்டியின் வால் சுழன்று வெளியே வந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் சாய்ந்து பின்பகுதி இன்னும் உயர்வதால், பயந்து காலை எடுப்பவருக்கே ஆபத்து அதிகம்! அமெரிக்காவின் கோர்வேர் காரில் இருந்த இதே வகைக் குறையைத்தான் ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய நூலில் உலகறியச் செய்தார்.

ஹெரால்டின் சட்டத்திலிருந்து பிறந்த விளையாட்டுக் கார்களில் டிரையம்ப் நிறுவனம் இதைத் திருத்தியது. 1968இல் ஜி.டி.6 காரின் இரண்டாம் வடிவத்தில் சக்கரத்துக்குக் கீழே தனிக் கரம் ஒன்றைச் சேர்த்தார்கள். 1970இல் ஸ்பிட்ஃபயர் காருக்கு அதைவிட மலிவான வழி கண்டார்கள்: குறுக்கே கிடக்கும் பட்டை வில்லின் பெரும்பகுதியை இறுக்கிக் கட்டாமல் நடுவில் அசையவிட்டார்கள். சென்னை நிறுவனமோ 1972இல் வந்த கெஸல் காரில் ஊசல் அச்சையே கைவிட்டு, ஒரே அச்சுக்குத் திரும்பியது. பின்னோக்கிய அடி என்று பொறியியல் மாணவர் சொல்லக்கூடும். எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டக்கூடிய அச்சு நம் சாலைகளுக்குச் சிறிய வரமா என்ன?

இனி பிரேக். இங்கே தயாரான ஹெரால்டில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். ஆட்களோடு 950 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 366 கிலோஜூல். அறை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இதைவிடக் குறைவாகவே போதும். 50 கிலோமீட்டர் வேகத்தில் இது நான்கில் ஒரு பங்குதான். இவ்வளவு வெப்பத்தையும் சில விநாடிகளில் டிரம் ஏற்க வேண்டும். சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகுகிறது. லைனரின் உராய்வும் குறைகிறது. டிஸ்க்கோ திறந்தவெளியில் சுழல்வதால் விரைவில் ஆறிவிடும்.

டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் 1953இல் ஜாகுவார் கார் அதனுடன் லெ மான் பந்தயத்தில் வென்ற பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட மறு ஆண்டு, 1955இல், பிரான்சின் சித்ரோயன் டி.எஸ். கார் முன்சக்கரங்களில் டிஸ்க்குடன் விற்பனைக்கு வந்தது.

சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்கள் வண்டியின் இந்த இரு உறுப்புகளுக்கும் கடுஞ்சோதனை. நீண்ட நேர்ப்பாதையில் சேர்த்த வேகத்தை முடிவில் ஒரே மிதியில் குறைத்து, உடனே திரும்ப வேண்டும். என்ஜின் சக்தியைக் கூட்டுவதற்கு முன் இவற்றைக் கவனிப்பதே முறை.

இன்று ஹெரால்டைப் பேணுவோர் ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க் உறுப்புகளைப் பொருத்துகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பமாதலால் பொருந்தும். மாஸ்டர் சிலிண்டரின் அளவும் அதற்கேற்ப மாற வேண்டும். முன்பக்கம் மட்டும் அளவுமீறி வலுத்தால் முன் டயர்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

காரைக்கால்காரருக்கு இன்னொன்று. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைப் புதுத் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. சுமார் 4 விழுக்காடு நீர் கலந்தபின் 140 டிகிரிதான் உறுதி. கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி வெறுமையாகத் தரையைத் தொடும். ஈரக் காற்றுள்ள கடற்கரை ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை முழுவதும் மாற்றி, இரும்புக் குழாய்களில் துருவையும் தேடிப் பார்க்க வேண்டும். டிஸ்க் வாங்கும் செலவுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.