இராசாளியும் கௌதாரியும்

ஒகேனக்கல் அடங்கிய பாராமகால், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பினியின் வசமானது. வரிவசூல் மாறிய கதை நாம் அறிந்ததே. கௌதாரியையும் அதைக் கவரும் இராசாளியையும் நோக்கும் பார்வையிலும் இரு மரபுகள் அங்கே சந்தித்தன.

பிரிட்டனில் வேட்டைக்கென்றே பறவைகளை வளர்த்த நிலக்கிழார்கள் இரைகொல்லிப் பறவைகளைப் பகையாகவே கண்டு அழித்தனர். அவர்களது அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஸ்காட்லாந்தின் லாங்ஹோமில் 1992 முதல் 1997 வரை நடந்த ஆய்வில், பூனைப்பருந்தும் பைரியும் கவர்ந்ததால் சுடுவதற்குரிய குரௌஸ் பறவைகள் எஞ்சவில்லை என்று தெரிந்தது.

நம் ஃபிக்ஹு அறிஞர்களோ அதே பறவையைப் பணியாளாக்கினர். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதைத் திருக்குர்ஆன் (5:4) அனுமதிக்கிறது. அவற்றை அது ‘ஜவாரிஹ்’ என்கிறது; காயப்படுத்துதல், சம்பாதித்தல் இரண்டும் அச்சொல்லின் வேரில் உண்டு. பயிற்சிக்கு அளவு யாது? நாய் இரையைத் தின்னாதிருக்க வேண்டும். இராசாளி அழைத்ததும் திரும்பினாலே போதும் என்பது ஹனஃபீ மத்ஹபு. அடித்துப் பழக்க அதன் உடல் தாங்காதென்பது அவர்கள் கூறும் காரணம். எத்துணை நுட்பமான கவனிப்பு! ஷாஃபிஈ மத்ஹபின் மேலோங்கிய கருத்தோ பறவையும் தின்னலாகாது என்கிறது. ஆகவே காயல்பட்டினத்தில் விலக்கப்படும் கௌதாரி, தருமபுரியின் ஹனஃபீ இல்லத்தில் ஆகுமானதாகலாம்.

இன்று அந்த வினா ஏட்டளவில்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையின் வாயிலை அடைத்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக் காடுகளில் ஒரு பகுதி 2014இல் சரணாலயமாயிற்று.